டெல்லி பிர்லா மாளிகையை நிதானமாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து உறவினர் யாராவது டெல்லிக்கு வந்தால், நம் வீடுகளில் போடும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், ஒரு நாள் ஆக்ரா, ஒரு மாலை ஆர்.கே.புரம் மலை மந்திர். நேரம் மிஞ்சினால் ராஜ்காட். பிர்லா மாளிகை அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கும், பல தடவை அதற்கு முன்பே ரயில் ஏறும் நாள் வந்துவிடும். அப்படியே போனாலும், காந்தி சுடப்பட்ட இடத்துக்கு நேராக நடந்து, ஒரு கும்பிடு, ஒரு படம், பதினைந்து நிமிடத்தில் வெளியே.

கரோல் பாகில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். அந்த வீட்டுக்கு எத்தனையோ பேரை அழைத்துப் போயிருக்கிறேன். ஆரம்பத்தில் நானும் அந்தப் பதினைந்து நிமிடக்காரன்தான். திருவையாற்றிலிருந்து வந்த என் பெரியப்பாதான் அதை மாற்றினார். “கொலை நடந்த இடத்தை அப்புறம் பார்க்கலாம்டா. முதலில் மனுஷன் எங்கே தூங்கினார், எங்கே வெயில் காய்ந்தார், அதைக் காட்டு” என்றார். அன்றிலிருந்து அந்த வரிசையில்தான் எல்லோருக்கும் காட்டுகிறேன்.

இது யாருடைய வீடு

இப்போது காந்தி ஸ்மிருதி என்று பலகை இருந்தாலும், இது ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. 1911இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று அறிவிப்பு வந்தது. புது டெல்லி 1931இல் முறைப்படி திறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த இருபது வருடத்தில் எழுந்த வீடுகளில் இதுவும் ஒன்று. தொழிலதிபர் கன்ஷியாம் தாஸ் பிர்லா 1928இல் கட்டியது. பன்னிரண்டு படுக்கையறை. அந்தச் சாலைக்கு அப்போது அல்புகர்க் சாலை என்று பெயர். இன்றைய பெயர் தீஸ் ஜனவரி மார்க், அதாவது முப்பது ஜனவரி சாலை. தேதியையே பெயராகச் சுமக்கும் தெரு.

காந்தி இங்கே வந்தது 1947 செப்டம்பர் 9. கல்கத்தாவிலிருந்து ரயிலில் வந்தவர், மந்திர் மார்கில் இருக்கும் வால்மீகி காலனியில், துப்புரவுத் தொழிலாளர்கள் நடுவில் தங்கத்தான் விரும்பினார். அதற்கு முன் அங்கே பல மாதங்கள் தங்கியும் இருந்தார். ஆனால் பிரிவினைக் கலவரத்தில் டெல்லி எரிந்துகொண்டிருந்தது. பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளால் அந்தக் காலனி நிரம்பிவிட்டது. ஷாதரா நிலையத்துக்கே வந்து எதிர்கொண்ட வல்லபபாய் படேல், அவரை பிர்லா வீட்டுக்கு அழைத்து வந்தார். அன்று தொடங்கி 1948 ஜனவரி 30 வரை, 144 நாட்கள்.

பிர்லா குடும்பத்திடமிருந்து அரசு இந்த வீட்டை 1971இல் வாங்கியது. 1973 ஆகஸ்ட் 15 முதல் பொதுமக்கள் உள்ளே போகலாம் என்றானது. இந்தத் தேதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனால் போதும். உள்ளே சுவரில் எழுதியிருப்பது எல்லாம் தானாகப் பொருந்திவிடும்.

எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை விடுமுறை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு முறை, மறுநாள் காலை ரயில் ஏற வேண்டிய அத்தையை ஒரு திங்கட்கிழமை கூட்டிப் போய், பூட்டிய கேட்டின் முன்னால் நின்றேன். அதற்கப்புறம் அவர் டெல்லி வரவே இல்லை. மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். அனுமதி இலவசம். அரசு விழாக்களை ஒட்டி நேரம் மாறும் வாய்ப்பு உண்டு என்பதால், கிளம்பும் அன்று காலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 30 அன்றே போகலாமே என்று பலருக்குத் தோன்றும். அன்று மாலை அங்கே சர்வமத பிரார்த்தனை நடக்கும், பிரதமர் வருவார், பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும். வீட்டை நிதானமாகப் பார்க்க அந்த நாள் ஏற்றதல்ல. ஒரு வாரம் முன்போ பின்போ போங்கள். அதே குளிர், அதே சாய்வான வெயில், கூட்டம் மட்டும் இருக்காது.

மாதம் என்றால் நவம்பர், பிப்ரவரி, மார்ச். ஜனவரியும் அழகுதான், காலைப் பனிமூட்டம் விலகியபின் பதினொரு மணிக்கு மேல் கிளம்பினால். மே, ஜூனில் வந்தவர்களை என்ன செய்வது என்றால், பத்து மணிக்குக் கதவு திறந்தவுடன் நுழைந்து முதலில் தோட்டத்தை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் வீட்டுக்குள் போய்விடுங்கள். நான் சொல்லப்போகும் வரிசை அப்போது தலைகீழாகும், பரவாயில்லை. மற்றபடி என் விருப்பம் பிற்பகல் இரண்டரை மணி. மூன்று மணிக்கு மேல் போனால் கடைசியில் அவசரப்படுவீர்கள்.

குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழி

மெட்ரோவில் மஞ்சள் தடம், லோக் கல்யாண் மார்க் நிலையம். கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்தில் இருப்பவர்கள் நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் வந்து மாறினால் அங்கிருந்து நான்காவது நிலையம். ஆர்.கே.புரத்தில் இருப்பவர்கள் ஹௌஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறலாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் புது டெல்லி நிலையத்தில் இறங்குபவர்களுக்கு நிலையத்தை ஒட்டியே மஞ்சள் தடம் இருக்கிறது, மாறவே வேண்டாம்.

மெட்ரோவிலிருந்து ஆட்டோ பிடித்தால் சில நிமிடம். ஆட்டோக்காரரிடம் “காந்தி ஸ்மிருதி” என்று மட்டும் சொன்னால் சிலர் ராஜ்காட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். “தீஸ் ஜனவரி மார்க், பிர்லா ஹவுஸ்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். “பிர்லா” என்று மட்டும் சொன்னால் பிர்லா மந்திர், அது வேறு திசை.

உடம்பு இடம் கொடுத்தால் நடந்தே போங்கள். இருபது நிமிடம் போல ஆகும். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ் திட்டமிட்ட இந்த லுட்யன்ஸ் டெல்லியின் நடைபாதை மரங்கள் நமக்குப் பழகிய மரங்கள்: வேம்பு, நாவல், புளி, மருதம். நம் ஊரில் ஆற்றங்கரையில் நிற்கும் மருதமரம் இங்கே அதிகாரிகளின் பங்களாக்களுக்கு நிழல் கொடுக்கிறது. வெள்ளைச் சுற்றுச்சுவர், உள்ளே தள்ளி ஒரு வீடு, முன்னும் பின்னும் புல்வெளி. இந்தத் தெருக்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தால், போகப்போகும் வீடு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

சாப்பாட்டை முடித்துவிட்டுப் போங்கள், பக்கத்தில் கடைத்தெரு எதுவும் கிடையாது. ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பெரிய பை இருந்தால் வாசல் சோதனையில் நேரம் போகும்.

உள்ளே போனதும்

வாசல் பக்கம் ராம் சுதார் வடித்த சிலை இருக்கிறது. காந்தியின் இரு பக்கமும் ஒரு சிறுவன், ஒரு சிறுமி, அவர்கள் கையில் ஒரு புறா. எல்லோரும் இங்கே படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூட்டம் தோட்டப் பக்கம் நகரும்போது நீங்கள் வீட்டுப் பக்கம் திரும்புங்கள்.

முதலில் தாழ்வாரத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உயரமான கூரை, வெள்ளைத் தூண்கள், வெயில் நேராக அறைக்குள் விழாமல் தடுக்கும் அகலம். நம் திண்ணை செய்யும் வேலையைத்தான் இந்தத் தாழ்வாரமும் செய்கிறது: வீட்டுக்கும் வெளிக்கும் நடுவில் ஓர் இடம், வந்தவரை உட்கார வைக்க. 1948 ஜனவரி 13 அன்று காந்தி தொடங்கிய கடைசி உண்ணாவிரதத்தின்போது, இந்த வீட்டின் மூடிய தாழ்வாரம் ஒன்றில்தான் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். மக்கள் வரிசையாக, சத்தமில்லாமல், அவரைப் பார்த்தபடி நகர்ந்தார்கள். எல்லாச் சமூகத் தலைவர்களும் அமைதி காப்பதாக எழுதிக் கையெழுத்திட்ட பின், 18ஆம் தேதி மௌலானா ஆசாத் கொடுத்த பழச்சாற்றைக் குடித்து அதை முடித்தார்.

கீழ்த்தளத்தில் அந்த 144 நாட்களைச் சொல்லும் படங்களும் எழுத்துகளும் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முயன்றால் களைத்துப்போவீர்கள். 1947 செப்டம்பரில் இரண்டு மூன்று, ஜனவரி 13 முதல் 20 வரை உள்ளவை, கடைசி நாள். இவற்றைப் படித்தால் போதும் என்பது என் அனுபவம்.

காந்தியின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் பொம்மைகளாக வைத்த காட்சிப் பெட்டிகளும் இருக்கின்றன. நம் வீட்டுக் கொலு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவை உடனே பிடித்துவிடும். குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போகலாம்.

அந்த அறை

இங்கேதான் நிதானம் வேண்டும். தரையில் ஒரு மெத்தை, சாய்ந்துகொள்ள ஒரு திண்டு, எழுத ஒரு சாய்மேசை, ராட்டை. அவர் வைத்திருந்த சாமான்கள் கொஞ்சம்: மூக்குக் கண்ணாடி, கைத்தடி, சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக்கொண்ட சொரசொரப்பான கல். என் பெரியப்பா அந்தக் கல்லைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “நம்ம வீட்டுக் கிணற்றடியிலும் இப்படி ஒன்று கிடந்ததே” என்றார்.

பன்னிரண்டு படுக்கையறை உள்ள வீட்டில் ஒருவர் எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டார் என்பதைப் பாருங்கள். பணக்காரர் வீட்டில் வந்து தங்கிவிட்டாரே என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. அறையைப் பார்த்த பின், அவர் வந்த விதத்தையும் தெரிந்துகொண்ட பின், நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கடைசி நாளை இந்த அறையில் நின்றபடி நினைத்துப் பார்க்கலாம். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பிரார்த்தனை. காங்கிரஸ் கட்சி கலைந்து மக்கள் சேவை அமைப்பாக மாற வேண்டும் என்று தாம் எழுதிய வரைவைத் திருத்தினார். எண்ணெய் தேய்ப்பு, குளியல். 78 வயதில் வங்காளி எழுதப் பழகிக்கொண்டிருந்தவர், அன்றும் அந்தப் பாடத்தை விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நம்மவர்களோடு பேசுவதற்காகத் தமிழ் படித்த மனிதர்தானே. மாலை நான்கு மணிக்குப் படேல் வந்தார். நேருவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த மனக்கசப்பைப் பற்றிய பேச்சு நீண்டது. ஐந்து மணிப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. நேரம் தவறுவது காந்திக்குப் பிடிக்காது. அவருக்குத் துணையாக இருந்த உறவுப் பெண் ஆபா கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். பத்து நிமிடத் தாமதத்தில் எழுந்து வெளியே நடந்தார்.

இந்த இடத்தில்தான் நீங்களும் வெளியே வர வேண்டும். அறையைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போகாதீர்கள், மாடியை அப்புறம் பார்க்கலாம்.

தோட்டத்துக்கு நடப்பது

அறைப் பக்கத்திலிருந்து தோட்டத்தை நோக்கி, கல்லில் செய்த காலடித் தடங்கள் வரிசையாகப் போகின்றன. அவர் கடைசியாக நடந்த வழி. அதன் பக்கத்திலேயே நடங்கள். பேச்சைக் குறையுங்கள். சில படிகள் ஏறினால் உயரமான புல்வெளி, அதுதான் பிரார்த்தனை மைதானம்.

ஒரு கை ஆபா தோளில், ஒரு கை பேத்தி முறையான மனு தோளில். “என் கைத்தடிகள்” என்று அவர் அந்தப் பெண்களைச் சொல்வதுண்டு. மக்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். நாதுராம் கோட்சே மனுவைத் தள்ளிவிட்டு மூன்று முறை சுட்டான். மாலை 5.17. காலடித் தடங்கள் நிற்கும் இடத்தில் ஒரு கல் தூண் இருக்கிறது.

அன்று அவருக்குப் பின்னால் நடந்துவந்தவர்களில் ஒருவர் தமிழர். வி. கல்யாணம். 1922இல் சிம்லாவில் பிறந்தவர், காந்தியின் கடைசி ஆண்டுகளில் அவருக்குச் செயலாளர். பின்னாளில் சென்னையில் வாழ்ந்து, 2021இல் 98ஆம் வயதில் காலமானார். ராஜ்காட் சமாதியில் “ஹே ராம்” என்று பொறித்திருக்கிறார்களே, அந்தச் சொற்களைத் தாம் கேட்கவில்லை என்றே அவர் பல பேட்டிகளில் சொல்லிவந்தார். அந்த இடத்தில் நின்று இதைச் சொன்னால் உடன் வந்தவர்களில் பெரியவர்கள் சற்று அதிர்ந்துபோவார்கள். ஆனாலும் சொல்லுங்கள். அங்கே நின்ற நம்மூர்க்காரர் ஒருவரின் சாட்சியம் அது.

மதுரை காந்தி அருங்காட்சியகத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில், ரத்தக் கறை படிந்த துணியைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த அந்தத் துணி எந்தப் புல்வெளியில் நனைந்தது என்று இங்கே தெரியும். பெரியப்பா 1960களில் மதுரையில் அதைப் பார்த்தவர். தூணருகே நின்று அவர் எதுவும் பேசவில்லை, மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

தூணைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள், தோட்டம் இன்னும் இருக்கிறது. காந்தி உட்கார்ந்து பேசிய இடத்தை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது, சுவர்களில் ஓவியங்களோடு. ஒவ்வொரு மாலையும் இங்கே கீதையும் குர்ஆனும் ஓதப்பட்டன. குர்ஆன் ஓதக் கூடாது என்று எழுந்து நின்றவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் பதில் சொன்னார். அந்த உரைகளை அகில இந்திய வானொலி பதிவு செய்தது.

மண்டபத்துக்குப் பின்பக்கம் பாருங்கள். பெரிய வீடுகளில் பணியாளர் குடியிருப்பு பின்னால்தான் இருக்கும், இங்கும் அப்படித்தான் இருந்தது. ஜனவரி 20 அன்று ஒரு சதிக் கும்பல் அந்தக் குடியிருப்பின் சின்ன ஜன்னல் வழியாகச் சுடத் திட்டம் போட்டு வந்தது. தோட்டச் சுவர் அருகே குண்டு வெடித்தது, மதன்லால் பஹ்வா பிடிபட்டார், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். காந்தி கூட்டத்தை அமைதிப்படுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். பிரார்த்தனைக்கு வருபவர்களைச் சோதனை போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். இன்று நீங்கள் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்த அதே தோட்டம்.

இனி எங்காவது ஓரமாக உட்காருங்கள். பூப்பாத்திகளைக் குளிர்காலத்தில் பார்க்க வேண்டும், டெல்லியின் தோட்டக்காரர்கள் அந்த மூன்று மாதத்துக்காகத்தான் வருடம் முழுக்க உழைக்கிறார்கள். கிளிகள் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். என் கணக்கில் இருபது நிமிடமாவது இங்கே சும்மா இருக்க வேண்டும். ஒரு வீட்டுத் தோட்டம், இங்கே ஒரு குடும்பத்தின் குழந்தைகள் ஓடியிருக்கும், துணி காய்ந்திருக்கும், மாலைக் காபி வந்திருக்கும் என்பதெல்லாம் சும்மா இருக்கும்போதுதான் மனதுக்கு எட்டுகிறது.

மாடி

2005இல் அமைத்த பல்லூடக அருங்காட்சியகம் மாடியில் இருக்கிறது. தொட்டால், சுற்றினால் படமும் ஒலியும் வரும் காட்சிகள். பலர் கை கோத்து நின்றால் ஒளிரும் ஒரு தூண், சாதி வேற்றுமையை விடுவது பற்றியது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். எல்லாக் காட்சிகளும் எல்லா நாளும் இயங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மாடியை விட்டுவிடலாம், இந்த வீட்டின் உயிர் கீழேயும் தோட்டத்திலும்தான் இருக்கிறது.

உடன் வருபவர்களைப் பொறுத்து

சின்னக் குழந்தைகளுக்குத் தடங்களை எண்ணும் வேலையைக் கொடுங்கள். ஓடாமல் நடப்பார்கள். “யார் சுட்டது, ஏன் சுட்டான்” என்று கேட்டால் மழுப்பாமல் அந்த வயதுக்குப் புரியும்படி சொல்லுங்கள். முதியவர்களுக்குப் படிகளில் ஒரு கை கொடுத்தால் போதும், தோட்டம் பெரும்பாலும் சமதளம். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே சில்லிடும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். படம் எடுக்க ஒவ்வொரு அறையிலும் ஊழியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அறிவிப்புகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், அம்மா, அத்தைகளுக்கு யாராவது ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தாழ்ந்த குரலில்.

நாள் மிச்சம் இருந்தால்

இதே வகையில் இன்னும் இரண்டு வீடுகள் கிட்டத்தில் உண்டு. ஒன்று, சப்தர்ஜங் சாலை 1ஆம் எண், இந்திரா காந்தி வாழ்ந்த பங்களா. 1984 அக்டோபர் 31 அன்று அவர் நடந்துவந்த தோட்டப் பாதையைப் படிகத்தால் மூடி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் மிச்சமும் அங்கே இருக்கிறது, நம்மவர்களுக்கு அதைக் கடந்து போவது சுலபமாக இருக்காது. இரண்டாவது தீன் மூர்த்தி பவன், 1930இல் பிரிட்டிஷ் படைத் தலைவருக்காகக் கட்டி, பிறகு நேரு 1964 வரை வாழ்ந்த வீடு. இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகமும் அந்த வளாகத்தில் சேர்ந்துவிட்டது. அதற்குக் கட்டணம் உண்டு, அரை நாளாவது வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் இன்னொரு நாள் காலையில் மந்திர் மார்க் போங்கள், நம் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கும் அதே சாலைதான். வால்மீகி கோயில் வளாகத்தில் காந்தி முன்பு தங்கிய அறையை இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். அதே சாலையில் இருக்கும் பிர்லா மந்திரை, எல்லாச் சாதியினருக்கும் அனுமதி உண்டு என்ற நிபந்தனையோடு 1939இல் காந்திதான் திறந்துவைத்தார். அவர் தங்க விரும்பிய அறை, தங்க நேர்ந்த அறை, இரண்டையும் பார்த்துவிடலாம்.

பெரியப்பாவோடு போன அன்று, ஐந்து மணி ஆகப்போகிறது என்று காவலர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். எல்லோரும் கேட்டை நோக்கி நடந்தோம். பெரியப்பா மட்டும் புல்வெளியில் நின்று மணி பார்த்தார். “இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு” என்றார். காவலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விசிலை இறக்கிவிட்டு, அவர் மெல்ல நடந்து வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே நடைபாதையில், சுவரோரம், 5.17 ஆகும்வரை நின்றோம். அப்புறம் ஆட்டோ பிடித்தோம்.